தீவிர மனநலப் பிரிவில் பயிற்சி மருத்துவர்: நோயாளர் கூற்றும் பதிவேட்டு மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

இளநிலை மருத்துவப் பட்டப்படிப்பை முடித்த ஒவ்வொருவரும் தம் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியின் ஒரு பகுதியாக மனநலப் பிரிவில் இரண்டு வாரம் பணியாற்ற வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்பயிற்சியின்போது நோயாளர் தமிழில் பேசுகிறார். பயிற்சி மருத்துவர் ஆங்கிலத்தில் பதிவு செய்கிறார். இம்மொழிமாற்றத்தில் தமிழ் இலக்கணக் கூறுகள் சுமந்து நிற்கும் நோய்க்குறிப் பொருள் எவ்வாறு விடுபடுகிறது என்பதையும், அவ்விடுபடல் நோயறிதலையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கும் உரிமைகளையும் எவ்வாறு தொடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. நோயாளரின் முதன்மைக் கூற்றை அவருடைய சொற்களிலேயே தமிழில் பதிவது பயிற்சியின் அடிப்படைக் கடமையாக அமைய வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பயிற்சி மருத்துவர், மனநிலைப் பரிசோதனை, பேச்சுத்தமிழ், மருட்சி, முடிவெடுக்கும் திறன், நோயாளர் பதிவேடு.

1. முன்னுரை

பிற மருத்துவத் துறைகளில் நோயாளரின் சொல் நோயை நோக்கிய வழிகாட்டி. குருதிப் பரிசோதனையும் நிழற்படமும் அச்சொல்லைச் சரிபார்க்கும். மனநல மருத்துவத்தில் நிலைமை வேறு. மனச்சிதைவையோ இருமுனைக் கோளாற்றையோ உறுதிப்படுத்தும் குருதிப் பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளர் சொல்வதும், சொல்லும் முறையும், அவருடைய நடத்தையும், உடனிருப்போர் கூறுவதுமே சான்றுகள். எனவே இத்துறையில் மொழி சான்றாகவே நிற்கிறது.

இச்சான்றை முதன்முதலில் திரட்டுபவர் பெரும்பாலும் பணியில் மிக இளையவரான பயிற்சி மருத்துவர். நோயாளரோடு நெடுநேரம் அமர்ந்து வரலாறு கேட்பவரும், 'கேஸ் ஷீட்' எனப்படும் நோயாளர் பதிவேட்டை எழுதுபவரும், காலைச் சுற்றின்போது மூத்த மருத்துவரிடம் அதைப் படித்துக் காட்டுபவரும் அவரே. அவர் எழுதும் வரி அடுத்தடுத்த பதிவுகளுக்கு மூலமாகிறது. தமிழ் ஆய்வுலகம் மருத்துவத் தமிழைக் கலைச்சொல்லாக்கம் என்ற அளவிலேயே பெரிதும் நோக்கி வந்துள்ளது. மருத்துவமனைப் படுக்கையருகே நிகழும் உரையாடலும் மொழியாய்வுக்கு உரிய களமே என்ற நோக்கில் இக்கட்டுரை அமைகிறது. இதில் இடம்பெறும் பேச்சு எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்தத் தனி நோயாளரின் கூற்றும் அல்ல.

2. பயிற்சியின் அமைப்பும் களமும்

தேசிய மருத்துவ ஆணையம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டாயச் சுழற்சிப் பயிற்சி விதிமுறைகளின்படி, பயிற்சிக் காலம் 12 மாதங்கள். அதில் பொது மருத்துவத்திற்கு 6 வாரமும் மனநல மருத்துவத்திற்கு 2 வாரமும் ஒதுக்கப்பட்டுள்ளன. மருத்துவமனை வழக்கில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைக்கப்படும் இவர்கள் மேற்பார்வையின்கீழ் மட்டுமே பணியாற்றுவர். பலருக்கு இந்த 14 நாள்களே மனநலத் துறையோடு கொள்ளும் ஒரே நேரடித் தொடர்பு. பின்னாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ மனநோயாளரை முதலில் சந்திக்கப் போகிறவர்களும் இவர்களே.

தீவிர நிலைப் பிரிவு என்பது நோய் முற்றிய அல்லது திடீரென வெடித்த கட்டத்தில் உள்ளோரைச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்துப் பராமரிக்கும் இடம். தற்கொலை முயற்சி, பல நாள் உறக்கமின்மையோடு கூடிய மிகையெழுச்சி, மருட்சியால் விளைந்த அச்சம், உண்ணாமலும் பேசாமலும் உறைந்துபோன நிலை ஆகியவை சேர்க்கைக்கான பொதுவான காரணங்கள்.

தமிழகத்தில் இக்களத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1794இல் வாலன்டைன் கானலி சென்னையில் தொடங்கிய காப்பகம் அதன் தொடக்கப்புள்ளி. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த நிறுவனம் 1922இல் அரசு மனநல மருத்துவமனை எனவும், 1978இல் மனநலக் கழகம் எனவும் பெயர் பெற்றது. அங்கு நெடுங்காலம் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் மறுவாழ்வுப் பணிகளுக்கு வழிவகுத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் குடும்பத்தாரை நோயாளருடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்யும் முறையை வளர்த்தெடுத்தது.

இவ்வரலாற்றுக்கு நேர்மாறான ஒரு மொழி வழக்கும் தமிழில் நிலைத்திருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே பேச்சுவழக்கில் இகழ்ச்சிச் சொல்லாகிவிட்டது. பயிற்சி மருத்துவர் இவ்வழக்கைக் கேட்டு வளர்ந்தவராகவே வார்டுக்குள் நுழைகிறார். நோயாளரும் அதே வழக்கை அறிந்தவராகவே அங்குச் சேர்க்கப்படுகிறார். இருவருக்குமிடையே முதல் உரையாடல் தொடங்கும்போது இந்தச் சுமை முன்னரே அங்கு இருக்கிறது.

3. மனநிலைப் பரிசோதனை: ஒரு மொழிச் செயல்

பயிற்சியின் மையம் மனநிலைப் பரிசோதனை. தோற்றமும் நடத்தையும், பேச்சு, மனநிலை, எண்ணவோட்டம், புலனுணர்வு, நினைவாற்றல் முதலிய அறிதிறன்கள், நோயுணர்வு, முடிவுத்திறன் என்னும் தலைப்புகளில் இது பதியப்படும். இதன் கோட்பாட்டு அடித்தளங்களுள் ஒன்று, கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட பொது உளநோயியல் நூலில் வலியுறுத்திய வடிவம், உள்ளடக்கம் என்ற வேறுபாடு. நோயாளர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது உள்ளடக்கம். அவ்வனுபவம் அவருக்கு எவ்வகையில் நிகழ்கிறது என்பது வடிவம். 'அண்டை வீட்டார்' என்பது உள்ளடக்கம். அவர்களைப் பற்றி அவர் ஐயுறுகிறாரா, உறுதியாக நம்புகிறாரா, அவர்கள் குரலைக் கேட்கிறாரா என்பது வடிவம். நோயறிதல் பெரிதும் வடிவத்தைச் சார்ந்தது.

தமிழில் இவ்வடிவத்தைச் சுமப்பவை பெயர்ச்சொற்களைக் காட்டிலும் இடைச்சொற்களும் விகுதிகளும் வாக்கிய அமைப்புமே. ஆங்கிலப் பதிவில் முதலில் உதிர்வனவும் இவையே. இதைப் பின்வரும் நான்கு கூறுகள் காட்டும்.

3.1 'மாதிரி', 'போல'

"யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்பதும் "யாரோ கூப்பிடுறாங்க" என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பேசுபவர் தம் அனுபவத்திலிருந்து சற்று விலகி நின்று அதை ஒப்புமையாகச் சொல்கிறார். பின்னதில் அவ்விலகல் இல்லை. சிகிச்சை பலனளிக்கத் தொடங்கும்போது பின்னது முன்னதாக மாறக்கூடும். நோயுணர்வு திரும்புவதற்கான நுண்ணிய அடையாளம் அது. 'குரல் கேட்கிறது' என்ற ஒற்றை ஆங்கில வரி இரண்டையும் சமன் செய்துவிடுகிறது.

எனினும் இடைச்சொல்லை இயந்திரமாக வாசிப்பதும் பிழை. "செத்துடலாம் போல இருக்கு" என்பதில் 'போல' இருப்பதால் இடர் குறைவு என்று கொள்ளலாகாது. அன்றாட மிகைக்கூற்றாகவும் தீவிர எண்ணமாகவும் ஒரே தொடர் வரக்கூடும். இங்கு வாழ்வில் பிடிப்பின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான திட்டம், கைவசமுள்ள வழி என்ற படிநிலையில் ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும். நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்பது பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று.

3.2 '-ஆம்' விகுதி

"என்னைக் கொல்லப் போறாங்களாம்" என்று ஒருவர் கூறினால், இறுதியிலுள்ள '-ஆம்' செய்தி பிறரிடமிருந்து பெறப்பட்டதைக் காட்டுகிறது. உடன் எழ வேண்டிய வினா: "யார் சொன்னாங்க?" விடை ஓர் உறவினராக இருக்கலாம், கண்ணுக்குப் புலப்படாத குரலாகவும் இருக்கலாம். அவ்வொரு வினா மாயக்குரலை வெளிக்கொணரக்கூடும். குடும்பத்தார் "அவனுக்குக் குரல் கேக்குதாம்" என்னும்போது அதே விகுதி பிறர்கூற்றையோ, நம்ப மறுப்பதையோ சுட்டலாம். மகனின் அனுபவத்தைத் தாய் நம்புகிறாரா என்பது, வீடு திரும்பியபின் மருந்து தொடருமா என்பதோடு தொடர்புடையது.

3.3 நான்காம் வேற்றுமை அனுபவத் தொடர்கள்

தமிழில் உணர்வும் புலனறிவும் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் வெளிப்படும்: "எனக்குப் பயமா இருக்கு", "எனக்கு அப்படித் தோணுது", "எனக்கு இந்த நெனப்பு வருது". பேசுபவர் செய்பவராக இல்லாமல், அனுபவம் வந்து சேரும் இடமாக நிற்கிறார். இது தமிழின் இயல்பான அமைப்பு, நோய்க்குறி அன்று. மாறாக, தம் எண்ணங்கள் தம்முடையவை அல்ல, வெளியாற்றல் ஒன்று அவற்றை உள்ளே செலுத்துகிறது என்னும் அனுபவம் கூர்ட் ஷ்னைடர் முதல்தரக் குறிகளாக வகுத்தவற்றுள் ஒன்று. "நெனப்பு வருது" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிப் படிக்கும் ஒருவர், இயல்பான தொடரிலும் நோயைக் காண நேரும். "அந்த நெனப்பு உங்களுடையதா, வேற யாராவது உள்ள வைக்கிறாங்களா?" என்று பிரித்துக் கேட்டாலன்றி இரண்டும் விலகா.

வினாவிலும் இதே இடர் உண்டு. "காதுல குரல் கேக்குதா?" என்ற வினாவைச் செவித்திறன் பற்றிய வினாவாகக் கொண்டு, "நல்லாக் கேக்குது" என ஒருவர் விடையளிக்கலாம். "பக்கத்துல யாரும் இல்லாதப்ப யாராவது பேசுறது கேக்குதா?" என்று சூழலோடு கேட்பதே பொருத்தம்.

3.4 'நீ', 'நீங்க'

மருத்துவரை 'நீங்க' என்று விளித்துவந்தவர் திடீரென 'நீ' என்பதும், "வாங்க" என்பது "வா" ஆவதும், மிகையெழுச்சி நிலையில் சமூகக் கட்டுப்பாடு தளர்வதன் அடையாளமாகலாம். ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றே என்பதால் பதிவில் இம்மாற்றம் மறைந்துவிடும். ஆனால் சில வட்டாரங்களிலும் வயது முதிர்ந்தோரிடத்தும் இளையவரை 'நீ' என்பது இயல்பு. தம் பேரன் வயதுடைய மருத்துவரை மூதாட்டி ஒருவர் "வாய்யா" என்று அழைப்பதில் நோய் ஏதுமில்லை. அளவுகோல் அவரவருடைய வழக்கமான பேச்சு. அதனை அறிந்தவர் உடனிருக்கும் உறவினர்.

மறுதிசையில், ஐம்பது வயதுடைய நோயாளரை மருத்துவர் 'நீ' என்று விளிப்பது அவரைச் சிறுவராக்குகிறது. 'அம்மா', 'அய்யா', 'அண்ணே', 'அக்கா' என்ற விளிகளும் 'நீங்க' என்ற மரியாதையும் உரையாடலைத் திறக்கும் கருவிகள். பெயர்சொல்லி, தம் பெயரையும் சொல்லித் தொடங்கும் பயிற்சி மருத்துவருக்குக் கிடைக்கும் வரலாறு கூடுதல் முழுமையுடையது எனலாம்.

4. நம்பிக்கையும் மருட்சியும்

"செய்வினை வச்சுட்டாங்க", "காத்து கருப்பு அண்டிருச்சு" என்ற கூற்றுகள் சேர்க்கை நாளில் அடிக்கடி எதிர்ப்படக்கூடியவை. மருட்சி என்பது சான்றுக்கு வளையாததும், அவர் சார்ந்த சமூகம் பகிர்ந்துகொள்ளாததுமான உறுதியான தவறான நம்பிக்கை. செய்வினை பற்றிய நம்பிக்கை ஒரு குடும்பத்தில் அனைவருக்கும் பொதுவானதாக இருப்பின் அது மட்டுமே மருட்சி ஆகாது. அதே குடும்பத்தார், "நாங்களும் நம்புவோம், ஆனா இவன் சொல்றது அப்படி இல்ல" என்று கூறுவார்களாயின், எல்லை அங்கே வரையப்படுகிறது. 'செய்வினை' என்ற சொல்லைக் கண்டவுடன் மருட்சி என்று எழுதும் பதிவு ஒரு பண்பாட்டை நோயாக்குகிறது; பண்பாடு என்று ஒதுக்கிவிடும் பதிவு ஒரு நோயைக் கைவிடுகிறது.

இரண்டாவது பிழையின் விலையைத் தமிழகம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். குடும்பங்கள் வழிபாட்டுத் தலங்களை நாடியதை மட்டும் குறைகூறுவது எளிது. அம்மக்களின் மொழியில் நோயை விளக்கும் மருத்துவ அமைப்பு அவர்கள் அருகில் இருந்ததா என்ற வினாவும் உடன் எழ வேண்டும்.

அறிதிறனை அளக்கும் பழமொழி வினாக்களிலும் பண்பாட்டு நோக்கு தேவை. "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதன் பொருளைக் கேட்டு அருவமாகச் சிந்திக்கும் ஆற்றலை மதிப்பிடுவர். அப்பழமொழி அவர் வழக்கில் உள்ளதா, அவருடைய கல்வியும் வட்டாரமும் யாவை என்பவற்றை அறியாமல் விடையை நோய்க்குறியாகக் கொள்ள இயலாது.

5. உடலும் சொல்லும்

மனநல வார்டில் பயிற்சி மருத்துவரின் மற்றொரு பெரும்பொறுப்பு உடல்நோயைத் தவறவிடாமை. டெலிரியம் எனப்படும் திடீர் அறிவுக்குழப்பம் மனநோய் போலத் தோன்றும். அதன் காரணம் தொற்றாகவோ, சர்க்கரை, சோடியம் அளவுகளின் மாற்றமாகவோ இருக்கலாம். "உடம்புல பூச்சி ஊருது" என்பவரிடம் "கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று கேட்பது இன்றியமையாதது. மதுவை நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் தோன்றும் நடுக்கத்தோடு கூடிய குழப்பம் உயிருக்கு ஆபத்தானது.

மருந்துகளின் பக்கவிளைவுகளும் சொற்களாகவே முதலில் வெளிப்படும். "ஒரு எடத்துல உக்கார முடியல, காலு சும்மா இருக்க மாட்டேங்குது" என்பது மனநோய் எதிர்ப்பு மருந்தால் விளையும் அகதீசியாவாக இருக்கலாம். இதனைப் பதிவேட்டில் 'நோயாளர் கிளர்ச்சியுற்றுள்ளார்' என்று மாற்றி எழுதினால், அதைப் படிக்கும் இரவுப்பணி மருத்துவர் அதே மருந்தின் அளவை உயர்த்த நேரும், துன்பம் மிகும். நோயாளரின் சொற்றொடர் அப்படியே இருந்திருப்பின் மருந்து குறைக்கப்பட்டிருக்கும். ஒரு மொழிபெயர்ப்பு மருந்தளவை மாற்றும் இடம் இது.

அதுபோன்றே, "கழுத்து இழுத்துக்கிச்சு, நாக்கு வெளிய தள்ளுது" என்பது ஹாலோபெரிடால் ஊசிக்குப்பின் தோன்றும் தசை இறுக்கம். குடும்பத்தார் அதைப் பேய் பிடித்ததாகக் கருதி அஞ்சலாம். புரோமெத்தசினை உடன் செலுத்துவது இவ்விறுக்கத்தைக் குறைக்கும். இம்மருந்திணையை அவசரநிலையில் லோராசிபாமோடு ஒப்பிட்டு 200 நோயாளரிடம் நடத்திய ஆய்வு வேலூரிலிருந்து 2004இல் வெளிவந்தது. அது பன்னாட்டு அளவில் எடுத்தாளப்படுகிறது. 'மயக்கம்' என்ற ஒரு சொல்லும் கருதத்தக்கது. தலைச்சுற்றல், நினைவிழப்பு, தூக்கக்கலக்கம் மூன்றையும் அது குறிக்கும். லித்தியம் உட்கொள்பவர் ஒருவர் வாந்தியோடும் கைநடுக்கத்தோடும் "மயக்கமா இருக்கு" என்றால் குருதியில் லித்தியத்தின் அளவை உடனே பார்த்தாக வேண்டும்.

6. சட்டமும் மொழியும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு முடிவெடுக்கும் திறனை வரையறுக்கிறது. தகவலைப் புரிந்துகொள்ளுதல், முடிவின் விளைவை உணர்தல், முடிவைப் பேச்சாலோ சைகையாலோ பிற வழியாலோ தெரிவித்தல் ஆகியவை அதன் கூறுகள். நோயாளர் புரிந்துகொள்ளும் எளிய மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்பதும், பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவர் திறனற்றவர் ஆகார் என்பதும் அப்பிரிவிலேயே உள்ளன. 22ஆம் பிரிவு, சேர்க்கையின் காரணம், சிகிச்சை, பக்கவிளைவு ஆகியவற்றைப் புரியும் மொழியில் அறியும் உரிமையை வழங்குகிறது.

தம் விருப்பின்றி உயர் ஆதரவுத் தேவையுடையோரைச் சேர்க்கும் 89ஆம் பிரிவின்கீழ், சேர்க்கை 30 நாள்களுக்கு மேற்படலாகாது; ஒப்புதல் தரும் திறன் ஏழு நாள்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டும். தம் 14 நாள்களில் ஒரு பயிற்சி மருத்துவர் ஒரே நோயாளரின் மறுஆய்வை இருமுறை காண வாய்ப்புண்டு. "இந்த மருந்து எதுக்குன்னு சொல்லுங்க" என்ற வினாவுக்கு நோயாளர் தம் சொற்களில் தரும் விடையே திறனுக்கான நேர்ச்சான்று. 'திறன் இல்லை' என்ற முடிவு மட்டும் ஆங்கிலத்தில் பதியப்பட்டு, அம்முடிவுக்கு அடிப்படையான கூற்று பதியப்படாவிடின், மறுஆய்வு வாரியம் எதனை மறுஆய்வு செய்யும் என்ற வினா எழுகிறது. 25ஆம் பிரிவு நோயாளர் தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு, தம் சொல் ஒன்றேனும் தமிழில் இல்லாத பதிவேடு கிடைத்தும் கிடைக்காததே.

7. மொழி அறியா மருத்துவரும் இடைநின்று பெயர்ப்போரும்

அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், தமிழ் அறியாத பயிற்சி மருத்துவரும் வார்டில் பணியாற்றுகின்றனர். தமிழரேயாயினும் நெல்லை வழக்கும் கொங்கு வழக்கும் சென்னை வழக்கும் ஒருவர்க்கு ஒருங்கே பழகியிரா. அப்போது செவிலியரோ உறவினரோ பெயர்ப்பாளர் ஆகின்றனர். தொடர்பின்றிச் சிதறும் பேச்சை அவர்கள் நல்லெண்ணத்தோடு செப்பமுறக் கோத்துச் சொல்லும்போது, எண்ணவோட்டத்தின் சிதைவு என்ற முதன்மைச் சான்றே அழிகிறது. கணவனின் முன்னிலையில் மனைவி சொல்வதைக் கணவனே பெயர்க்கும்போது சொல்லப்படாமல் போவதும் உண்டு.

இவற்றுக்கு ஈடுசெய்ய மூன்று எளிய நடைமுறைகளை முன்வைக்கலாம். முதலாவது, பதிவேட்டின் முதன்மை முறையீட்டுப் பகுதியிலும் எண்ணம், புலனுணர்வு, நோயுணர்வு ஆகிய தலைப்புகளிலும் நோயாளரின் ஒரு கூற்றையேனும் மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுத்தில் எழுதுதல். இரண்டாவது, பெயர்ப்பவர் யார் என்பதைப் பதிவு செய்தல். மூன்றாவது, பல்கலைக்கழகத் தமிழ், மொழியியல் துறைகள் மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து வட்டார வழக்கில் உணர்வு, உடல், அச்சம் பற்றிய சொற்றொடர்களின் பயன்பாட்டுக் கையேட்டை உருவாக்குதல். கலைச்சொல் அகராதி மருத்துவர் பேசுவதற்கு உதவும். இக்கையேடு அவர் கேட்பதற்கு உதவும்.

8. முடிவுரை

இரண்டு வாரப் பயிற்சி ஒருவரை மனநல மருத்துவராக்காது. அது அதன் நோக்கமும் அன்று. ஆனால் ஒருவர் சொன்னதற்கும் தாம் எழுதியதற்கும் இடையே உள்ள தொலைவை அளக்க அது கற்பிக்க முடியும். தமிழில் அத்தொலைவு 'மாதிரி' என்ற ஓர் இடைச்சொல்லிலும் '-ஆம்' என்ற ஒரு விகுதியிலும் அடங்கியிருக்கிறது. அவை விடுபடும்போது நோயறிதல் பிறழலாம், மருந்தளவு மாறலாம், ஒருவர் வார்டில் இருக்கும் நாள்கள் நீளலாம். இவ்வுருபுகளின் பொருண்மையை இலக்கண ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விளக்கி வந்துள்ளனர். அவ்வறிவை வார்டுக்குக் கொண்டுசேர்ப்பது தமிழ் ஆய்வுலகம் ஏற்கத்தக்க பணியாகும்.